நாற்பத்தேழாம் கன்று

அடையாறில் உள்ள ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அன்புக்கரசிக்கு ஆறு வருஷமாக ஒப்பந்த வேலை. அரசாங்கம் ஆற்றங்கரை வீட்டை இடித்து அவள் குடும்பத்தைப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்ப் போட்ட பிறகும், இரண்டு பஸ் மாறி எட்டு மணிக்கு வந்துவிடுவாள். கண்ணாடிக் கொட்டகைக்குள் இருநூறு மலைவேம்புக் கன்றுகள். சந்தன மணத்தை உண்டாக்கும் மரபணுவை அவற்றில் சேர்த்திருந்தார்கள். இலையைப் பறித்தே எண்ணெய் எடுத்துவிடலாம். சந்தன மரத்தை வெட்ட வேண்டாம். தண்ணீர் விடுவது, பூச்சி பார்ப்பது எல்லாம் அவள்தான். சோதனை முடியும்வரை ஓர் இலைகூட வெளியே போகக்கூடாது என்பது சட்டம்.

ஒரு திங்கட்கிழமை நாற்பத்தேழாம் கன்றைக் காணோம்.

தலைமை விஞ்ஞானி சுப்புராயன் வேறு யாரையும் கேட்கவில்லை. கேட் அருகே, எல்லோரும் பார்க்க, அவள் பையைக் கொட்டச் சொன்னார். சோற்று டப்பா, மாற்றுப்புடவை, சர்க்கரை மாத்திரை எல்லாம் தரையில் விழுந்தன.

“எடுத்திருந்தா இப்பவே சொல்லிடும்மா.”

“நான் இன்னாத்துக்கு சார் எடுக்கப் போறேன்?”

விழுந்ததையெல்லாம் அவளே பொறுக்கிப் பையில் போட்டாள். வேலையை விட்டால் திருடி என்றே முடிவாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் வந்தாள்.

சுப்புராயன் டெல்லி போயிருந்த வாரம், அவர் மனைவி கோபாலபுரம் வீட்டுத் தொட்டிகளுக்கு மண் மாற்ற ஆள் கேட்டு ஆராய்ச்சிக்கூடத்துக்கு போன் செய்தார். மேற்பார்வையாளர் அன்புக்கரசியையே அனுப்பினார். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு மலைவேம்பு. அன்புக்கரசி இலையைக் கசக்கினாள். சந்தனம் மணத்தது.

“வர்றவங்களுக்குக் காட்டலாம்னு கொண்டுவந்தார்” என்றார் அந்த அம்மாள் பெருமையாக.

அந்த அம்மாள் கூப்பிடக் கூப்பிட, அன்புக்கரசி கன்றைத் தொட்டியோடு தூக்கி ஆட்டோவில் வைத்தாள். நேராக ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய், பாதுகாப்பு விதிகளைக் கவனிக்கும் விஜயலக்ஷ்மியின் மேசைமேல் இறக்கினாள்.

“உங்க கன்னு இங்க கீது மேடம். இப்ப அவரு பையைக் கொட்டச் சொல்லுங்க!”

விசாரணை நடந்தது. வீட்டில் வைத்துக் கவனிக்க எடுத்துப்போனேன் என்றார் சுப்புராயன். எச்சரிக்கையோடு விட்டார்கள். வெளியே போய்வந்த கன்று என்பதால் அதை எரித்துவிட்டார்கள். அந்த அறையிலேயே அவர் அவளைப் பார்த்து, “ஸாரிம்மா” என்றார்.

“இங்க வேணாம் சார். கேட்டுக்கு வாங்க.”

விஜயலக்ஷ்மியும் போகச் சொன்ன பிறகு அவர் வந்தார். தரையைப் பார்த்து முணுமுணுத்தார்.

“சத்தமா சொல்லுங்க சார். அன்னிக்கு சத்தமாத்தானே கேட்டீங்க?”

சொன்னார். வாட்ச்மேன்வரை எல்லோரும் கேட்டார்கள்.

“இனிமே உங்க வீட்டு வேலைக்கு எங்கள்ல யாரையும் கூப்பிடாதீங்க” என்று சொல்லிவிட்டு அவள் கொட்டகைக்குப் போனாள். அவர் இன்னும் அங்கேதான் தலைமை. அவளும் அங்கேதான். அவருக்கு வணக்கம் வைப்பதை மட்டும் அன்றோடு நிறுத்திவிட்டாள்.