ஆச்சுங்க

அந்தப் பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைய வேண்டுமென்றால் செருப்பை வெளியே கழற்றிவிட வேண்டும். பஞ்சுத் தூசி மெஷினுக்கு ஆகாது என்று யாரோ சொல்லித் தொடங்கிய வழக்கம். முதலாளியும் கழற்றுவார். கறுப்புத் தோல் செருப்பு வாசலில் கிடந்தால் அவர் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். டீ குடிக்கக் கிளம்பியவர்கள் அதைப் பார்த்ததும் அப்படியே திரும்பிப் போவார்கள். கழுத்தில் பென்டிரைவை மாட்டிக்கொண்டு திரிந்தால் பெரிய ஆள் என்று நினைத்த காலம் அது. கல்லூரி முடித்த சூட்டோடு நான் சேர்ந்த முதல் வேலை. இப்போது பெங்களூரில் சர்வர் அறைக்குள் ஷூவோடு போகிறேன். ஒவ்வொரு முறையும் வாசலில் கால் ஒரு நொடி தயங்குகிறது.

எங்கள் வீட்டில் எல்லோரும் தெற்கிலிருந்து பிழைக்க வந்தவர்கள். நான் வளர்ந்தது திருப்பூரில் என்றாலும் அந்த ஊர்ப் பேச்சின் மரியாதை எனக்கு முழுதாக ஒட்டவில்லை. முடியாததை முடியாது என்று சொல்லிப் பழகிய வீடு எங்களுடையது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

கம்பெனி பெரியது. சாயப்பட்டறை வீரபாண்டிப் பக்கம், தையல் மட்டும் மூன்று மாடி. அத்தனையையும் முதலாளி நடந்தே நடத்தினார். காலை டீ முடிந்ததும் கட்டிங்கில் தொடங்கி, தையல், செக்கிங், அயர்னிங் வழியாகப் பேக்கிங் வரை ஒரு சுற்று போவார். யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு டேபிளிலும் கொஞ்சம் நிற்பார், ஏதோ கேட்பார், நகர்ந்துவிடுவார். மத்தியானத்துக்குள் எங்கே எது இழுக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

இப்படி நடந்து நடத்துகிற அளவைக் கம்பெனி தாண்டிவிட்டது என்று சொன்னது அவருடைய மகள். மேல்படிப்பு முடித்து வந்தவர். ஃபேக்டரி மொத்தமும் அவரை, வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல, ‘அம்மணி’ என்றுதான் கூப்பிட்டது. விசிட்டிங் கார்டில் டைரக்டர் என்று போட்டிருந்தும் ஒருவர்கூட மேடம் என்று சொல்லவில்லை. எந்தப் பிரிவில் வேலை எந்த அளவில் இருக்கிறது என்று காட்டும் சாஃப்ட்வேரைச் சென்னையிலிருந்து வாங்க வைத்தவரும், என்னை வேலைக்கு எடுத்தவரும் அவர்தான். ராத்திரி படுத்தால்கூட எனக்கு அந்த ஸ்கிரீன்தான் கண்ணில் நின்றது. அவ்வளவு வெறி.

அந்தப் பேச்சு நடந்தபோது நான் முதலாளியின் மேஜைக்கு அடியில் படுத்து ஒயர் மாட்டிக்கொண்டிருந்தேன். நான் இருப்பது அவர்களுக்கு மறந்துவிட்டது.

“இந்த சீசன் பெரிய ஆர்டர் உன்ற கம்ப்யூட்டர்லயே போகட்டும், கண்ணு. நேரத்துக்குப் போச்சுன்னா ஃபேக்டரி உன்ற பொறுப்பு. போகலீன்னா கோயமுத்தூர்ல ஒரு ஜி.எம். பாத்து வெச்சிருக்கறேன், அவரக் கூட்டிட்டு வந்துருவேன். நீ கணக்குப் பக்கம் பாத்துக்கலாம்.”

“சரிங்கப்பா” என்றார் அம்மணி. அந்த ஒரு வார்த்தையில் எவ்வளவு பயம் இருந்தது என்பது கீழே இருந்த எனக்குக் கேட்டது.

ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கம்ப்யூட்டர் வைத்தோம். சூப்பர்வைசர்கள் மூன்று நிறங்களில் ஒன்றை அழுத்தினால் போதும். ஸ்கிரீனில் எல்லாம் இங்கிலீஷ். அதனால் அம்மணி சொல்லச் சொல்ல நான் துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டினேன். சிவப்பு: ‘ஆகலை.’ மஞ்சள்: ‘ஆகுது.’ பச்சை: ‘ஆச்சு.’ இதைவிடச் சுலபமாக யாராலும் செய்ய முடியாது என்று நினைத்தோம்.

முதலாளி சுற்று போவதை நிறுத்தினார். தன் அறையில் உட்கார்ந்தபடியே ஸ்கிரீனில் நிறம் பார்த்தார். கட்டிங் பச்சை, தையல் பச்சை. எனக்கு ஒரே பெருமை. ஆனால் அயர்னிங்கில் ஒரு அக்கா என்னை நிறுத்தி, முதலாளிக்கு உடம்பு கிடம்பு சரியில்லீங்களா தம்பி, ஆளையே காணோமே என்று விசாரித்தார். இல்லைக்கா, உங்களை அவர் அறையிலிருந்தே பார்க்கிறார் என்றேன். அதற்கு அவர் சேலையைச் சரிசெய்துகொண்டு கம்ப்யூட்டரை ஒரு மாதிரி பார்த்தார்.

ஆர்டர் கிளம்ப வேண்டிய நாள் வந்தது. காலையிலேயே பேக்கிங் பச்சை காட்டியது. அம்மணி லாரிக்குச் சொல்லிவிட்டார். தூத்துக்குடிக்குப் போகிற கன்டெய்னர் லாரி மத்தியானம் கேட்டுக்குள் வந்து பின்பக்கம் திரும்பி நின்றது. கதவைத் திறந்து வைத்தார்கள். ஒரு பெட்டியும் வரவில்லை. பேக்கிங்குக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் டேபிள் டேபிளாகப் பனியன் குவிந்து கிடக்கிறது, காலி அட்டைப்பெட்டிகள் சுவரோரம் மடங்கிக் கிடக்கின்றன. சைஸ் ஸ்டிக்கர் அச்சாகி வரவில்லையாம். முந்தின நாளிலிருந்தே வரவில்லையாம்.

முதலாளி இறங்கி வந்தார். பேக்கிங் சூப்பர்வைசர் மேல்துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

“ஏனுங்க, ஆச்சுன்னு போட்டிருக்கறீங்களே?”

“ஆச்சுங்க. ஸ்டிக்கர் வந்துட்டா ஆச்சுங்க.”

“வரலீன்னா ஆகலைன்னு அழுத்தோணுமல்லங்க?”

அவர் என்னையும் அம்மணியையும் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார். “உங்ககிட்டப் போயி ஆகலைன்னு எப்படீங்க சொல்றது?”

“என்கிட்ட எங்கீங்க சொன்னீங்க? கம்ப்யூட்டர்கிட்டத்தான?”

“அதும் நீங்க கேக்கற மாதிரித்தானுங்களே.”

யாரும் சிரிக்கவில்லை. அம்மணிதான் முதலில் நகர்ந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு ஒரு டேபிளில் நின்று பாலிதீன் கவர் பிரிக்கத் தொடங்கினார். ஆர்டர் பார்க்கிற மெர்ச்சண்டைசர்கள், அக்கவுண்ட்ஸ்காரர்கள், செக்யூரிட்டி எல்லோரும் வந்தார்கள். ஒருவர் பைக்கில் போய் அச்சகத்திலேயே நின்று ஸ்டிக்கர் வாங்கிவந்தார். முதலாளி பெட்டிக்கு டேப் ஒட்டினார். கைப்பழக்கம் போகவில்லை, எங்கள் எல்லோரையும்விட வேகம். விளக்குப் போடுகிற நேரத்துக்கு லாரி கிளம்பிவிட்டது.

சரக்கு நேரத்துக்குப் போய்விட்டது. ஆனால் கம்ப்யூட்டரால் போகவில்லை. அன்று ராத்திரி வீட்டில் சொன்னபோது அம்மா, “ஆகலன்னா ஆகலன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதான, அதுல என்ன மருவாதி கொறஞ்சுரப் போவுது?” என்றாள். எனக்கும் அதுவரை அப்படித்தான் தோன்றியிருந்தது.

மறுநாள் காலை கறுப்புச் செருப்பு வாசலில் கிடந்தது. உள்ளே போகவே தயக்கம். முதலாளி நாற்காலியில் இருந்தார், அம்மணி நின்றுகொண்டிருந்தார். கோயமுத்தூர்ப் பேச்சு வரப்போகிறது என்று நினைத்தேன்.

அம்மணி கேட்டார். “அப்பா, ரவுண்ட்ஸ் போறப்ப அவங்ககிட்ட என்னங்கப்பா கேப்பீங்க?”

“என்னத்தக் கேக்கறது. ‘என்ன வேணுங்க’ன்னு கேப்பேன்.”

“ஆச்சான்னு கேக்க மாட்டீங்களா?”

“அதக் கேட்டு என்ன பண்ண, கண்ணு? கேட்டா ஆச்சுங்கன்னுதான் சொல்லுவாங்க.”

அம்மணி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் நினைவிருக்கிறது. தூங்கி எழுந்தவர் முகம் போல இருந்தது. சீட்டையெல்லாம் கிழித்துவிடச் சொன்னார். எல்லா ஸ்கிரீனிலும் எல்லாவற்றுக்கும் மேலே ‘என்ன வேணும்?’ என்று ஒரு கட்டம் வைக்கச் சொன்னார். வேண்டியதை எழுதினால் சிவப்பு விழும். பொருள் வந்து சேர்ந்ததும் கேட்டவரே பச்சையை அழுத்த வேண்டும். சென்னைக்காரர்களோடு போனில் சண்டை போட்டு, இரண்டு நாள் குளிக்காமல் உட்கார்ந்து செய்தேன்.

அப்புறம் பார்க்க வேண்டுமே. ஆகலை என்று சொல்ல நாக்கு எழாதவர்களுக்கு, வேணுங்க என்று கேட்பதில் ஒரு கூச்சமும் இல்லை. இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டித் தள்ளினார்கள். நூல் வேணுங்க. மூணாவது லைன்ல ஃபேன் ஓடலீங்க. ரெண்டு ஹெல்பர் ஊட்டுக்குப் போயிட்டாங்க, ஆள் வேணுங்க. ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பு. அம்மணி அதைப் படித்துவிட்டுத்தான் காலை டீ முடிந்ததும் சுற்றுக்குக் கிளம்புவார். என்ன வேண்டும் என்பது தெரிந்தே போய் நிற்பார். அயர்னிங் அக்கா என்னிடம் கம்ப்யூட்டர் பரவாயில்லீங்க தம்பி என்றார்.

கோயமுத்தூர் ஜி.எம். வரவேயில்லை. அதைப் பற்றி யாரும் அறிவிக்கவும் இல்லை. ஒருநாள் நான் வேலைக்குப் போனபோது முதலாளியின் அறையில் அம்மணி உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டர் அறையில் எனக்குப் பக்கத்து மேஜையில் முதலாளி. பழைய மானிட்டர் ஒன்றைத் தனக்குப் போட்டுத் தரச் சொன்னார். ஏசி நன்றாக இருக்கிறதாம்.

அன்று முழுக்க எதையும் தொடாமல் நிறங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஒற்றை விரலால் தேடித் தேடி, ‘என்ன வேணும்?’ கட்டத்தில் அவர் தட்டியதை நான் ஓரக்கண்ணால் படித்தேன். டீ வேணுங்க. சிவப்பு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அம்மணியின் அறையிலிருந்து ஸ்கிரீனிலேயே பதில் வந்தது: ஆச்சுங்க.

முதலாளி வாசலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எங்கள் இரண்டு ஜோடிச் செருப்புகள் மட்டும் கிடந்தன. டீக்காரரைக் காணோம். அவர் ஸ்கிரீன் பக்கம் திரும்பி, மகளுக்கு மரியாதையாக, பச்சையை அழுத்தினார்.