பெயர்ப் புத்தகத்தின் திறப்பு

அறுபதுகளின் நடுப்பகுதியில் எனக்குக் கிடைத்த முதல் வேலை சயரோகச் சிகிச்சை நிலையத்தில். மட்டக்களப்பு வாவியைப் பார்த்தபடி நின்ற நீளமான ஓட்டுக் கட்டிடம். அதன் கடைசி அறையில் நோயாளர்களின் அட்டைகளும் எக்ஸ்ரே படங்களும் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் இலிகிதர் நான். மாரியில் அட்டைகள் ஈரம் குடித்து உப்பிவிடும். வெயில் வந்ததும் யன்னலோரம் பரப்பிக் காயவைப்பேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் இருக்க வேண்டும் என்பது என் சுபாவம்.

அந்த நோயின் பெயரை அப்போது யாரும் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். ஒரு வீட்டில் கசம் இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தால், அந்த வீட்டில் சம்பந்தம் பேச ஆள் வராது. ஏறாவூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் ஒரு தரிப்பு முன்னாலேயே இறங்கி நடந்து வருவார்கள். பல்லுக் கழற்ற வந்ததாகக் கன்னத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்த ஒருவரையும் பார்த்திருக்கிறேன்.

நான் சேர்ந்து மூன்று மாதமிருக்கும். ஒரு கலியாணத் தரகர் குடையோடு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"புள்ள, மூண்டு பேரச் சொல்றன். இஞ்ச மருந்தெடுக்கிறாங்களா எண்டு மட்டும் சொல்லு. வேறொண்டும் வேணாம்."

முதல் பெயரைச் சொன்னார். அப்படி ஓர் அட்டை இல்லை. "இல்ல ஐயா" என்றேன். இரண்டாவதற்கும் இல்லை என்றேன். மூன்றாவது ஒரு தச்சாசாரியாரின் மகள். ஆறு மாதமாக எங்களிடம் மருந்தெடுக்கிறவள்.

"அதச் சொல்ல ஏலாது ஐயா."

ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் நினைத்தேன். அவர் சிரித்தார்.

"அது காணும் புள்ள, எனக்கு விளங்கிட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு கிழமையில் அந்தப் பெண் தாயோடு மருந்துக் குளிசை வாங்க வந்தாள். கலியாணப் பேச்சு முறிந்துவிட்டதாம். "ஆரோ சொல்லிட்டாங்க" என்றாள் தாய். மகள் தலையைத் தூக்கவில்லை. அன்றைக்கே எங்கள் டொக்டரிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். என்னை ஏசவில்லை.

"நீர் ஒண்டும் சொல்லேல்ல. ஆனா அவருக்கு விடை கிடைச்சிட்டுது. இனி என்ன செய்யப்போறீர்?"

அந்தக் கேள்வியோடு இரண்டு நாள் திரிந்தேன். பிறகு வேலையைத் தொடங்கினேன். அட்டைகளிலும் எக்ஸ்ரே உறைகளிலும் இருந்த பெயர்களையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு இலக்கங்களை ஒட்டினேன். எந்த இலக்கம் யாருடையது என்பது ஒரேயொரு புத்தகத்தில் மட்டும். அந்தப் புத்தகம் பூட்டிய இரும்பு அலுமாரிக்குள். அலுமாரிப் பூட்டுக்கு இரண்டு திறப்பு: ஒன்று டொக்டரிடம், மற்றது என் சட்டையின் உட்புறத்தில் ஊசி குத்தி. வெட்டியெடுத்த பெயர்த் துண்டுகளைக் குப்பையில் போடாமல் சமையலறை அடுப்பில் எரித்தேன். யார் வந்து எந்தப் பெயரைக் கேட்டாலும், அது இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே பதில்: "இஞ்ச ஆர்ர பேரையும் சொல்றதில்ல."

விறாந்தையில் நோயாளர்களையும் இலக்கம் சொல்லியே கூப்பிட்டேன். பனிச்சங்கேணியிலிருந்து வரும் ஒரு மீன்பிடிகாரருக்கு முதல்நாள் கோபம் வந்துவிட்டது.

"நான் என்ன சிறையில கிடக்கிற மறியல்காரனா, நம்பர் சொல்லிக் கூப்பிட?"

ஒரு மாதத்தில் அவருக்கே அது பிடித்துப்போனது. "நாப்பத்திமூண்டு வாறன்" என்று குரல் கொடுத்துக்கொண்டு எழும்புவார். ஒருமுறை அறைக்கு ஒரு கருவாட்டுப் பார்சல் வந்தது. மேலே பெயரில்லை, 43 என்று மட்டும் எழுதியிருந்தது. அதைப் பார்த்து டொக்டரே சிரித்தார்.

அடுத்த வருஷம் என் அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பாசிக்குடாப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற வாத்தியார். வீடு அக்காவுக்குத்தான் என்பதால் மாப்பிள்ளை எங்களோடுதான் வந்து இருப்பார். அம்மா அவருடைய பெயரைச் சொன்னபோது நான் சோற்றுக் கோப்பையைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். அந்தப் பெயருக்கு இலக்கம் போட்டவளே நான். ஒன்றரை வருஷம் ஊசியும் குளிசையும் எடுத்து முடித்தவர். கடைசிப் பரிசோதனையில் கிருமி இல்லை.

"உன்னட்டத்தானே திறப்பு இருக்கு. ஒருக்காப் பாத்துச் சொல்லு மகள்" என்றார் அம்மா.

"இஞ்ச... அங்க ஆர்ர பேரையும் சொல்றதில்லம்மா."

"நான் உன்ட அம்மா."

"ஓம். உங்களுக்கும் அதுதான் பதில்."

அம்மா நாலு நாள் என்னோடு பேசவில்லை. அக்கா தலையிழுக்கும்போது மெதுவாகக் கேட்டாள்: "நீ எனக்காகப் பயப்பிடுறியா?" இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் ஒரு பதிலாகிவிடும் என்று தோன்றியது. சீப்பைத் தரச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். "உன்னட்ட ஒண்டும் கிண்டேலாது."

அவருக்கு நோய் மாறிச் சுகமாகாமல் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாறியிருந்தது, அந்த நிம்மதியை மட்டும் எனக்குள்ளே வைத்துக்கொண்டேன்.

அம்மா வேறு இடங்களில் விசாரித்தார். எல்லோரும் நல்ல பிள்ளை என்றார்கள். சரி என்று செய்தி அனுப்பினார். வந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை தனியே சைக்கிளில் வந்தார். அக்கா தேத்தண்ணி வைத்தாள். அவர் கோப்பையைத் தொடவில்லை.

"மாமி, ஒரு விசயம் சொல்ல வேணும். எனக்குக் கசம் இருந்தது. மருந்தெடுத்து மாறிட்டு. டொக்டர்ர கடிதம் கொண்டுவந்திருக்கன்."

அம்மா கடிதத்தை வாங்கவில்லை. "ஏன் தம்பி முதல்லயே சொல்லல்ல?"

"தங்கச்சி அங்க வேல செய்யிறா. உங்களுக்குத் தெரிஞ்சிரிக்கும், வேணாம் எண்டு சொல்லியனுப்புவீங்க எண்டுதான் நினைச்சிருந்தன். சரி எண்டு செய்தி வந்தபிறகுதான் விளங்கிச்சி, அவ வாய் திறக்கல்ல எண்டு. மறைச்சிக் கட்ட எனக்கு மனமில்ல."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அக்காதான் கேட்டாள்.

"மருந்து முடிஞ்சி எவ்வளவு காலம்?"

"எட்டு மாசம்."

"அப்ப தேத்தண்ணியக் குடிங்க. ஆறுது."

அவர் குடித்தார். போகும்போது அம்மா படலை வரைக்கும் கூடப் போனார். திரும்பி வந்து, அந்தக் கோப்பையை மற்றக் கோப்பைகளோடு சேர்த்தே கழுவிக் கவிழ்த்து வைத்தார். ஒதுக்கி வைப்பாரோ என்று குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான் அதன்பிறகுதான் மூச்சு விட்டேன்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிற" என்றார் அம்மா, என் பக்கம் திரும்பாமலே. "சோறு போட்டிரிக்கி. வா, வந்து தின்."

தையில் கலியாணம் நடந்தது. அடுத்த நாளே நான் வேலைக்குப் போய்விட்டேன். அன்று நல்ல வெயில். அட்டைகளை எடுத்து யன்னலோரம் பரப்பினேன்.