முதல்ல நம்ம வீட்ல உடையட்டும்

புதுத் திரைச்சீலையின் ஒரு மூலையை மட்டும் அக்கா குழாயில் நனைத்து, வெள்ளைக் கைக்குட்டையை அதன்மேல் வைத்து அழுத்துகிறார். தூக்கிப் பார்க்கிறார். கைக்குட்டை வெள்ளையாகத்தான் இருக்கிறது. போதாதாம், இன்னொரு மூலை. இதெல்லாம் அலுவலகத்துக் கை கழுவும் இடத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், பின்னால் நாங்கள் மூன்று பேர் எச்சில் கையோடு வரிசையில் நிற்கும்போது. "சாயம் போகாதுன்னு கடைக்காரன் சத்தியம் பண்ணானேக்கா?" என்றேன். "அவன் வீட்டு ஜன்னல்ல மாட்டிப் பாத்தானாடீ?" என்றார், திரும்பாமலே.

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் சொட்டு மருந்து. எதையும் சொட்டுச் சொட்டாகத்தான் கொடுப்பார். பெயர் வைத்தது நான்தான் என்று அவருக்குத் தெரியும். அதற்காக ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. நான் அதே அலுவலகத்தில் வாடிக்கையாளர் புகார்களைப் போனில் கேட்கும் பிரிவில் இருக்கிறேன். அதாவது, மற்றவர்கள் செய்த தப்புக்குத் திட்டு வாங்குவதற்குச் சம்பளம் வாங்குகிறேன். அக்காவின் வீட்டுக்கு மேல்மாடியில் குடியும் இருக்கிறேன். ஆகவே அவரிடமிருந்து எனக்கு எங்கேயும் தப்ப வழியில்லை.

எங்கள் கம்பெனி கதவு விற்பதில்லை. கதவுக்கு மூளை விற்கிறது. அடுக்குமாடிக் கட்டடங்களின் வாசலில் இருக்குமே, தானாக நகரும் பெரிய கண்ணாடிக் கதவு, அதற்கு. சுவரில் உள்ள பெட்டியில் கார்டைக் காட்டினால் கதவு திறக்கும், கொஞ்ச நேரம் நிற்கும், மூடிக்கொள்ளும். உள்ளே வரவும் கார்டு, வெளியே போகவும் கார்டு. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எவ்வளவு வேகத்தில் நகர வேண்டும் என்கிற எண்கள் கதவில் இல்லை. எல்லாம் கிளவுடில் இருக்கின்றன. இங்கே உட்கார்ந்து ஒரு எண்ணை மாற்றினால் எங்கெங்கோ இருக்கும் ஆயிரக்கணக்கான கதவுகள் அந்த நிமிஷமே கீழ்ப்படியும். அந்த எண்களை மாற்றுவதுதான் அக்காவின் வேலை. அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த மகானுபாவர் ஒருமுறை எல்லாக் கதவுக்கும் ஒரே அடியாக மாற்றிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வருவதற்குள் பாதி உலகம் வாசலில் நின்றது. அன்றைக்கு என் காது வெந்தே போனது.

அக்கா அப்படியில்லை. "முதல்ல நம்ம வீட்ல உடையட்டும்" என்பார். "நம்ம கட்டடம் முதல்ல. அப்புறம் நூத்துக்கு ஒண்ணு. அப்புறம் பத்து. அப்புறம் பாதி. அப்புறம்தான் ஊர் உலகம்." ஒவ்வொரு படிக்கும் நடுவே ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டு வேர்க்கடலை கொறிப்பார். பச்சைக் கோடு என்றால் கதவுகள் சுகம். சிவப்பு என்றால் யாரையோ இடித்துத் திரும்பியிருக்கிறது. "எல்லாம் பச்சையா இருக்கே மேடம், அடுத்ததுக்குப் போயிரலாமா?" என்று மேனேஜர் அவர் பின்னால், பிரசவ அறை வாசலில் நிற்கும் கணவன் மாதிரி நடப்பார். "ஆறட்டும் சார். கொதிக்கக் கொதிக்க வாயில போட்டா நாக்குதான் போகும்."

நம்ம கட்டடம் என்பது நாங்கள் குடியிருக்கும் கட்டடம்தான். அங்கே முதலில் சோதித்துப் பார்க்கக் குடியிருப்போர் சங்கத்தில் எப்படியோ அனுமதி வாங்கிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை: கதவு மக்கர் பண்ணினால் அவரே நேரில் இறங்கி வர வேண்டும். வருவார். ஒருமுறை பாதித் தலைக்குச் சாயம் பூசிய கோலத்தில், கழுத்தில் பழைய துண்டோடு வந்து நின்று, "சொல்லுங்க, எந்தப் பக்கம் இடிக்குது?" என்று கேட்டார். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்து நின்றவர்களில் நானும் ஒருத்தி. இப்போதெல்லாம் கதவு லேசாக முனகினாலே கீழ்த்தளத்துக்காரர் மேலே பார்த்து, "அம்மா, உங்க பிள்ளை அழுவுது!" என்று குரல் கொடுக்கிறார்.

அக்காவின் கணவர் பல் டாக்டர். "விட்டிருந்தா என்னையே பத்து பர்சென்ட் கல்யாணம் பண்ணிப் பாத்திருப்பா" என்பார். "பாத்திருந்தா அங்கயே நிறுத்தியிருப்பேன்" என்பார் அக்கா. இவர்கள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்து இரண்டு பேரையும் ஏற்றிவிட்டு வேடிக்கை பார்ப்பவர் மாமனார். வாழ்நாள் முழுக்க நெடுந்தூர பஸ் ஓட்டியவர். முழங்கால் ஆபரேஷன் முடிந்து மகன் வீட்டுக்கு வந்திருக்கிறார். ஒரு கையில் ஊன்றுகோல், வாயில் ஓயாத கிண்டல். தினமும் சாயங்காலம் வெளியே இறங்கி, சரிவில் நடந்து, பூங்கா வரை போய்வர வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. நடக்காவிட்டால் மூட்டு இறுகிவிடும், மறுபடி கத்திதான் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாமனாரை அக்கா அப்பாவைப் போலத்தான் பார்த்துக்கொள்வார். அந்தக் கால் நல்லபடியாக மடங்க வேண்டுமே என்பதுதான் அந்த வீட்டின் அப்போதைய கவலை.

இந்தச் சமயத்தில்தான் கதவு நிற்கும் நேரத்தைக் குறைக்கும் வேலை வந்தது. கதவு ரொம்ப நேரம் திறந்தே கிடக்கிறது, ஏசி காற்றெல்லாம் தெருவுக்குப் போகிறது, முன்னால் போகிறவர் முதுகைப் பிடித்துக்கொண்டு யார் யாரோ உள்ளே நுழைகிறார்கள் என்று வாடிக்கையாளர்கள் என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு விநாடி நிற்கும் கதவு இனி ஏழு விநாடி நின்றால் போதும் என்று முடிவாயிற்று. வழக்கம்போல் எங்கள் கட்டடத்துக்கு முதல் சொட்டு.

பச்சை. பச்சை என்றால் அப்படியொரு பச்சை. யாரையும் இடிக்கவில்லை. கீழ்த்தளத்துக்காரர் மேலே பார்த்துக் கத்தவில்லை. நூற்றுக்கு ஒரு கட்டடத்துக்குப் போனது, அங்கேயும் பச்சை. என் போன் தூங்கியது. போன் அடிக்காவிட்டால் எனக்குக் கொண்டாட்டம், அக்காவுக்கு எப்போதும் சந்தேகம். ஆனால் இந்த முறை அவரே மனம் குளிர்ந்துவிட்டார். வேர்க்கடலைப் பொட்டலத்தை எங்கள் பக்கம் நீட்டினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மேனேஜர் நேரம் பார்த்து, "மேடம், இந்த ஒரு தடவை பத்து, பாதி எல்லாம் வேணாமே. நாளைக்குச் சாயங்காலம் மொத்தமா விட்டுருவோம். கஸ்டமர் கழுத்துல உக்காந்திருக்கான்" என்றார். அக்கா ஒரு கடலையை மென்று முடிக்கும்வரை யோசித்துவிட்டு, "சரி சார்" என்றார். நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம்.

மறுநாள் எனக்கு விடுமுறை. அக்கா வீட்டிலிருந்து வாங்கிவந்த பாத்திரம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கச் சாயங்காலம் கீழே இறங்கினேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால், பெரியவர் சட்டை, பேன்ட், காலில் வாக்கிங் ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு, ஊன்றுகோலோடு சாப்பாட்டு மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"என்ன பெரியப்பா, சாமி கும்பிடுறீங்களா?"

ஆள் திடுக்கிட்டுப் போனார். "வாக்கிங்குமா. பாத்தா தெரியல?"

"பூங்கா என்னாச்சு?"

"பூங்கா அங்கயேதான் இருக்கு. நான்தான் இங்க இருக்கேன்." உட்கார்ந்தார். உட்காரும்போது முழங்கால் சரியாக மடங்கவில்லை. முகம் சுளித்ததை நான் பார்த்துவிட்டேன். மெல்லச் சொன்னார். "கார்டு பெட்டி இந்தச் சுவத்துல. கதவு அந்தக் கோடியில. நான் கார்டைக் காட்டிட்டு ஆடி அசைஞ்சு போறதுக்குள்ள அது எனக்கு டாட்டா காட்டிடுது. மறுபடி வந்து காட்டு, மறுபடி போ. முதல் நாள் ஒரு பையன் ஓடி வந்து கதவைப் பிடிச்சான். அடுத்த நாள் ஒரு அம்மா பிடிச்சாங்க. அப்புறம் எனக்கே வெக்கமாப் போச்சு. எத்தனை பஸ்ஸை எத்தனை மலையில ஏத்தி இறக்கியிருப்பேன், ஒரு வாசப்படி தாண்ட ஆள் வேணுமா? போங்கடான்னு வந்துட்டேன்."

"அக்காகிட்ட சொல்லலையா?"

"அம்மாடி, வாயைத் திறந்துடாத. கதவு பிரமாதமா ஓடுதுன்னு அவ எவ்வளவு சந்தோஷமா இருக்கா தெரியுமா? நேத்து ராத்திரி சாப்பிடும்போது பாட்டே பாடினா. அதைப் போய் நான் கெடுக்கவா?"

அப்போதுதான் எனக்கு மணி ஞாபகம் வந்தது. மொத்தக் கதவுக்கும் விடப்போகிற நேரம்! என் வயிற்றில் எந்த ரகசியமும் தங்காது, அன்றைக்கு அதுவே நல்லதாகப் போயிற்று. பாத்திரத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் படிக்கட்டுக்கு வந்து போன் போட்டேன். அக்கா எடுத்ததும், "எதையும் அமுக்காதீங்க!" என்று கத்தினேன். பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன்.

எதிர்ப்பக்கம் கீபோர்டு தட்டும் ஓசை கேட்டது. பிறகு அக்காவின் குரல் மிகச் சின்னதாக வந்தது.

"மாமா கார்டைத் தேடிப் பாத்தேன்டீ. மாத்தின மூணாம் நாளோட நின்னுபோச்சு. அப்புறம் அந்தக் கார்டு கதவுகிட்டயே வரல. கதவு யாரை இடிச்சுதுன்னுதான் நான் எண்ணிக்கிட்டிருந்தேன். யார் வரதையே விட்டுட்டாங்கன்னு எண்ணவே இல்ல. எந்த லட்சணத்துல இதைப் பச்சைன்னு நம்பினேன்!" என்றார்.

பக்கத்தில் மேனேஜர் "என்ன மேடம், விட்டாச்சா?" என்பது கேட்டது.

"நிறுத்தியாச்சு சார். நூத்துல ஒண்ணுக்குக் கொடுத்ததையும் திரும்ப வாங்கிட்டேன்."

"ஐயோ, ஏன்? எல்லாம் பச்சையாத்தானே இருக்கு?"

"என் மாமனார் சாப்பாட்டு மேஜையைச் சுத்திக்கிட்டு இருக்கார் சார்."

அதோடு அக்கா போனை வைத்துவிட்டார். இதற்கு மேனேஜர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

அன்று அக்கா வீட்டுக்கு வந்தபோது பெரியவர் இன்னொரு சுற்றில் இருந்தார். அக்கா கைப்பையைக்கூட இறக்கவில்லை. "மாமா, முதல்ல நம்ம வீட்ல உடையட்டும்னு சொல்றேனே, எதுக்கு? உடைஞ்சா நீங்க சொல்வீங்கன்னுதானே? ஊரான் கத்துறான், நீங்க கத்தக் கூடாதா?" என்றார். அழுகை வந்துவிட்டது. பெரியவர் என்னை ஒரு முறை முறைத்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். "சரி சரி, அழாத. நாளையிலேர்ந்து கத்துறேன். காபி ஆறியிருந்தாக்கூடக் கத்துறேன், போதுமா?" என்றார். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டார்.

அடுத்த வாரம் முழுக்க எனக்கு வேலை. சோதனைக்குப் போன கட்டடங்களில் வழக்கமாக வந்துகொண்டிருந்து, நேரம் குறைந்தபின் வராமல் போன கார்டுகளை அக்கா தேடி எடுத்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் நான் போன் செய்து, "ஏன் வெளியே வரவில்லை?" என்று கேட்க வேண்டும். கட்டடத்தின் பேரைச் சொல்லி இப்படிக் கேட்டால் திட்டத்தான் செய்வார்கள், திட்டினார்கள். ஆனால் சிலர் சொல்லவும் சொன்னார்கள். இரட்டைக் குழந்தை வண்டி வைத்திருக்கும் ஒரு தாய், கால் முறிந்த ஒரு பாட்டு வாத்தியார், வேகமாக நடக்க முடியாத கூச்சத்தில் பின்வாசல் வழியாகவே போய்ப் பழகிவிட்ட ஒரு பெண். நேரம் வேண்டுமென்று கேட்கிறவர்களின் கார்டுக்கு மட்டும் கதவு இருபது விநாடி காத்திருக்கட்டும், மற்றவர்களுக்கு ஏழே இருக்கட்டும் என்று அக்கா புது ஏற்பாடு எழுதினார். வாடிக்கையாளரும் கழுத்திலிருந்து இறங்கினார். அக்காவின் ஸ்க்ரீனில் இப்போது பச்சை, சிவப்போடு ஒரு சாம்பல் நிறக் கோடும் ஓடுகிறது. வராமல் போனவர்களுக்கு அது.

புது ஏற்பாடும் எங்கள் கட்டடத்துக்குத்தான் முதலில் வந்தது. முதல் கார்டு பெரியவருடையது. வாசலில் அக்கா, நான், சும்மா வேடிக்கை பார்க்கக் கீழ்த்தளத்துக்காரர். "நானும் பூங்கா வரைக்கும் வரேன் மாமா" என்றார் அக்கா. "நீ எதுக்கு? பஸ்ஸுக்குக் கண்டக்டர் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் கார்டைக் காட்டினார். கதவு நகர்ந்தது. அவர் ஊன்றுகோலை ஊன்றி, ஒரு கால், பிறகு இன்னொரு கால் என்று, யாரும் பின்னால் ஹாரன் அடிக்காத டிரைவராக நிதானமாகப் போனார். நடு வாசலில் வேண்டுமென்றே நின்று, மேலே கதவின் விளிம்பை அண்ணாந்து பார்த்தார். கதவு அசையவில்லை. அக்காவின் வலது கை கதவைப் பிடிக்கத் தானாக நீண்டது. பாதி வழியில் அதை இழுத்து, இடது கையால் மணிக்கட்டை இறுகப் பற்றி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.