உபயச் சுவரில் ஒரு பட்டாம்பூச்சி

சுவரில் படம் எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கைத்திறனைவிட வாயடக்கம்தான் அதிகம் வேண்டும். வாடிக்கையாளரிடம் தலையாட்டியே கழுத்து வலிக்கிற சக தொழிலாளிகளே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சியாக அரசு ஆணையிட்டு அறிவித்தது. அதைச் சுவரில் எழுத அரிமளம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் என்னைக் கூப்பிட்டார்கள். நன்றாக அமைந்தால் சுற்றுவட்டாரப் பள்ளிகளும் கூப்பிடும். சொதப்பினால் மறுபடி ஃப்ளெக்ஸ் கடையில் சட்டம் அடிக்கிற வேலைதான். அந்த நினைப்பிலேயே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஆடு ஒதுங்கியது

மற்ற மாநிலச் சின்னங்களான வரையாடு, மரகதப்புறா, பனை, செங்காந்தள் நான்கும் ஏற்கெனவே சுவரில் இருந்தன. மிச்ச இடம் முழுக்க, சுவர் கட்டித் தந்த சிங்கப்பூர்க்காரரின் பெயர், 'உபயம்' என்று ஆளுயர எழுத்தில். பெயரைக் கொஞ்சம் சுருக்கட்டுமா என்று தலைமையாசிரியையிடம் கேட்டேன். பதறிப்போய்விட்டார்.

"உபயத்துல கை வைக்காதீங்கண்ணே. வேணும்னா அந்த ஆட்டைக் கொஞ்சம் அங்கிட்டு ஒதுங்கி நிக்கச் சொல்லுங்க."

நீலமும் பச்சையும்

ஆட்டை அழித்து ஓரமாகச் சின்னதாக எழுதி, பூச்சிக்கு இடம் பிடித்தேன். அதை நான் நேரில் பார்த்ததில்லை. மேற்கே மலைக்காட்டில் இருக்கிறதாம். செல்போன் படத்தைப் பார்த்துப் பார்த்து ஆரஞ்சு, பழுப்பு, ஓரத்தில் கறுப்பு என்று எழுதி முடித்தேன். லீவில் வந்திருந்த சிங்கப்பூர்க்காரர் வந்து பார்த்தார். எடுப்பாக இல்லை, நீலமும் பச்சையும் அடி என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நிறத்தை மாற்றினால் பிள்ளைகள் தப்பாகப் படிக்கும் என்று வாயடக்கத்தை மறந்து சொல்லிவிட்டேன். வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். அவர் தன் பெயர் இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

"சரி தம்பி, பூச்சி அப்படியே இருக்கட்டும். அந்த நீலத்தையும் பச்சையையும் என் பேருக்கு அடிச்சு விடுங்க."

திறப்பு விழா போட்டோ

திறந்து வைக்க வந்த அதிகாரி, போட்டோவுக்குச் சரியாகப் பட்டாம்பூச்சிக்கு முன்னால் போய் நின்றார். தள்ளி நில்லுங்கள் என்று அவரிடம் யார் சொல்வது? படத்தில் அவர் இரண்டு காதுக்கும் பக்கத்தில் இறக்கை நுனி மட்டும் தெரிந்தது. பக்கத்தில் உபயம் நீலமும் பச்சையுமாகப் பளபளத்தது. அந்தப் படம்தான் எல்லாப் பள்ளிகளின் வாட்ஸ்அப்பிலும் சுற்றியது. பூச்சியே தெரியாத படத்தைப் பார்த்து எந்தப் பள்ளி என்னைக் கூப்பிடப் போகிறது என்று நினைத்தேன். கடைசியில் தலைமையாசிரியை கூப்பிட்டார்.

"மத்த ஸ்கூல்ல எல்லாம் ஒங்களத்தான் கேக்குறாங்கண்ணே. பூச்சியப் பத்தி யாரும் பேசல, அந்த உபயத்தை எழுதுனது யாருன்னுதான் கேக்குறாங்க."

மாநிலப் பட்டாம்பூச்சி ஆவதற்கு ஓர் அரசாணை போதும். எங்கள் பக்கத்துச் சுவரில் கண்ணில் படுவதற்கு அதுவும் ஏதாவது உபயம் செய்திருக்க வேண்டும்.