பீட்ரூட் கறை

நாவுலயிலிருந்து பல்லேகமவுக்கு மலைப் பாதையில் கூட்டாளிகள் மூன்று பேரோடு சைக்கிளில் போனேன். கல்லும் சேறும் முதுகை உடைத்தன, காலெல்லாம் அட்டை. அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன்.

பகலுக்கு ஓர் ஓடைக்கரையில் சோத்துப் பார்சலைப் பிரித்தோம். சாப்பிட்டு முடித்ததும், நன்றாகப் படித்த அந்த மூன்று எருமைகளும் சோறு சுற்றியிருந்த, பீட்ரூட் கறி ஒட்டிய பொலித்தீன் லஞ்ச் ஷீட்டுகளை ஓடையிலேயே வீசினார்கள்.

"பேக்ல போடுங்கடா" என்றேன்.

"தண்ணி கொண்டு போயிரும் மச்சான்."

பாதை வளைந்து வளைந்து இறங்கி, கீழே ஓர் ஓடையைக் கடந்தது. அது அதே ஓடைதான் என்று தாகத்தில் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. குனிந்து, இரண்டு கையாலும் அள்ளி வயிறு முட்டக் குடித்தோம். நானும்தான்.

"இந்த மாதிரித் தண்ணி டவுன்ல கெடைக்குமா?" என்று ஒருவன் உருகினான். அப்போது சிவப்புக் கறையோடு ஒரு லஞ்ச் ஷீட் மிதந்து வந்து அவன் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது.

"சீ! இந்த ஊர்க்காரனுங்களுக்கு அறிவே இல்ல" என்று காறித் துப்பினான், ஓடைக்குள்ளேயே. பிறகு அந்த ஷீட்டை உரித்தெடுத்து, ஊர் இருக்கும் பக்கமாகத் தண்ணீரில் விட்டான்.