பத்தாவது ஆள்

லண்டன் குட்மேய்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு யூதர். எனக்குத் தேதிகளில் பைத்தியம் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் தமது எண்பத்து மூன்றாவது பிறந்தநாளைப் பற்றி முதலில் என்னிடம் சொன்னார் என்று நினைக்கிறேன். நான் அப்பாவின் திதியைப் பார்ப்பதுபோல அவரும் பிறந்தநாளைப் பிறைக் கணக்கில்தான் வைத்திருந்தார். அவர்கள் வேதக் கணக்கில் மனித ஆயுள் எழுபது. அதற்குமேல் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தவர், பதின்மூன்று வயதில் தோரா என்னும் வேதச் சுருளிலிருந்து வாசித்த அதே பகுதியை மீண்டும் வாசிக்கும் வழக்கம் அவர்களிடம் உண்டு. அவர் சிறுவனாக வாசித்த தொழுகைக்கூடம் இன்னும் நடந்துபோகும் தூரத்தில் இருந்தது.

தோலில் கையால் எழுதிய அந்த எபிரேயச் சுருளில் உயிர்க்குறிகளும் இல்லை, ராகக்குறிகளும் இல்லை. எல்லாம் மனத்தில் இருக்கவேண்டும். கோடை முழுவதும் அவர் பாடிப் பழகுவது சுவர் வழியே கேட்டது. "மனிசன் சோதினைக்குப் படிக்கிறார், டிவியைக் குறையுங்கோ" என்பாள் என் மனைவி.

அந்தச் சனிக்கிழமை என்னையும் அழைத்திருந்தார். பின்வரிசையில் உட்கார்ந்தேன். பத்து யூத ஆண்கள் கூடினால்தான் சுருளை வெளியே எடுப்பார்கள். அவரையும் சேர்த்து ஒன்பது பேர்தான் இருந்தார்கள். வருவதாகச் சொன்ன ஒருவர் வரவில்லை. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள், தொலைபேசியைத் தொடமாட்டார்கள். அக்கம்பக்கத்திலிருந்த மற்ற யூதர்கள் எப்போதோ எசெக்ஸ் பக்கம் வீடு மாறிவிட்டார்கள். பெண்கள் பகுதியின் திரைக்கு அப்பாலிருந்து அவருடைய மனைவி எட்டிப் பார்த்து, நீங்களும் நானும் இந்தக் கணக்கில் இல்லை என்று மெல்லச் சொல்லிச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

பக்கத்துச் செவன் கிங்ஸில் பழைய உறுப்பினர் ஒருவர் இருப்பதாக யாரோ நினைவுகூர்ந்தார். விலாசத்தைக் கேட்டுக்கொண்டு நானே போனேன். கதவு நிலையில் மாவிலை கட்டியிருந்தது. திறந்த பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும்.

"ஆரைத் தேடுறியள் அண்ணை?"

சொன்னேன்.

"அவர் எங்களுக்கு வீட்டை வித்துப்போட்டு மகளிட்டப் போயிட்டார். உள்ளுக்கு வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

ஏலாது, அவசரம் என்று திரும்பினேன். எங்கள் ஆட்கள் நிறைந்த அந்தத் தெருவில் அன்று எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு யூதர்.

தொழுகைக்கூடத்துக்குத் தனியாகத் திரும்பி வந்தேன். சுருள் இருந்த அலமாரியை யாரும் திறக்கவில்லை. ஒருவர் அந்தப் பகுதி அச்சிட்ட புத்தகத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் நீட்டினார். அவர் அதை விரிக்காமல் கையில் பிடித்தபடியே தம் பகுதியைப் பாடினார். ஓரிடத்திலும் தடுமாறவில்லை. அந்த ஒரு காலைக்கு மட்டும் நான் யூதனாக இருந்திருக்கக்கூடாதா என்று ஏங்கினேன்.

முடிந்ததும் மற்றவர்கள் கைகொடுத்து வாழ்த்தினார்கள். சுருள் இல்லாமல் இது வாசிப்பு ஆகாது என்று அவர் தலையசைத்தார். பிறகு அலமாரியின் திரையருகே போய் அதில் நெற்றியை வைத்து நின்றார். அவர் மனைவி கோட்டுடன் வாசலில் காத்திருந்தார். நாங்கள் யாரும் அவரைக் கூப்பிடவில்லை.