மார்ச் கடைசியில் திரும்பிப்போன தண்ணீர்

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பயத்தினால் அல்ல. தன் பெயரைக் கல்லில் பார்க்க வேண்டும் என்று அவருக்குப் பெரிய ஆசை இருந்தது. என் எழுத்தில்கூட அந்தப் பெயருக்கு இடம் கொடுக்க மனமில்லை. அதிகாரி என்றே சொல்கிறேன்.

பெரம்பலூரில், காட்டையும் பூங்காவையும் பார்த்துக்கொள்கிற ஓர் அரசு அலுவலகத்தில் நான் உதவியாளராக இருந்தேன். பட்ஜெட் வேலை என்னுடையது. அடுத்த வருஷத்துக்கு எந்தக் காட்டுக்கு என்ன வேண்டும் என்று மதிப்பீடு தயாரித்துச் சென்னைக்கு அனுப்புவோம். அங்கே வெட்டியது போக மிச்சம் ஒதுக்கீடாக வரும். எதற்கென்று ஒதுக்கினார்களோ அதற்குத்தான் செலவழிக்கலாம். மார்ச் முப்பத்தொன்றுக்குள் செலவாகவில்லை என்றால் பணம் அப்படியே அரசுக்குத் திரும்பிவிடும்.

நான் திருமானூர்ப் பக்கம். கொள்ளிடத்துத் தண்ணீரில் விளைகிற நெல்லையும் கரும்பையும் பார்த்து வளர்ந்தவள். பெரம்பலூர்க் காட்டை முதன்முதலில் பார்த்தபோது இதையா காடு என்கிறார்கள் என்று தோன்றியது. முள்ளும் சரளைக்கல்லுமாகக் கிடந்தது. அதற்குள் புள்ளிமான்கள் இருக்கின்றன என்பதை என்னை நம்பவைத்தவர் எங்கள் காவலர்.

காவலர் என்றால் காக்கி உடுப்பு, சம்பளப் பட்டியல் எதுவும் கிடையாது. காட்டை ஒட்டிய ஊரில் இருந்த தினக்கூலி ஆள். ஒன்பது வருஷமாக வேலை பார்த்தும் எந்தப் பதிவேட்டிலும் பெயர் ஏறாதவர். கோடைக்காலத்தில் பக்கத்துக் கொல்லைகளில் வெள்ளாமை செய்கிறவர்களிடம் கெஞ்சி மோட்டார் போடச் சொல்லி, கேன்களில் தண்ணீர் பிடித்து, தன் பழைய டிவிஎஸ்ஸில் கட்டி, காட்டுக்குள் இருந்த உடைந்த தொட்டியில் கொண்டுபோய் ஊற்றுவார். ஒருமுறை மதிப்பீட்டுக்காக இடம் பார்க்கப் போனபோது என்னை ஒரு பாறைக்குப் பின்னால் உட்காரவைத்தார். ஐந்தாறு மான்கள் வந்து குடித்தன.

"பாத்தீங்களா மேடம், எம்புட்டுத் தவிப்பு. இது பத்தாது. ரெண்டு வூட்டு ஆடு குடிக்கிற தண்ணிதான் நான் கொண்டாறது" என்றார்.

அலுவலகம் திரும்பியதும் நான்கு தொட்டி, ஓர் ஆழ்துளைக் கிணறு, சூரிய சக்தி மோட்டார் என்று மதிப்பீடு தயாரித்தேன். சென்னை அதில் கை வைக்கவில்லை. கேட்டது முழுசும் வந்தது. ஒதுக்கீட்டு ஆணையைக் கையில் வாங்கிய அன்று காவலருக்கு நானே போன் செய்து சொன்னேன். அதைத்தான் பிறகு நினைத்து நினைத்து வெந்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அந்த மாதமே புது அதிகாரி வந்து சேர்ந்தார். பூங்கா வாசலில் ஒரு பெரிய அலங்கார வளைவு கட்ட வேண்டும், இரண்டு பக்கமும் சிமெண்டு மான், நடுவில் திறப்புவிழாக் கல்வெட்டு. இதுதான் அவர் கனவு. தண்ணீருக்கு வந்த பணத்தை வளைவுக்கு மாற்றித் தரச் சொல்லிச் சென்னைக்கு எழுதினார். பதில் வருகிறவரை தண்ணீர்க் கோப்பு நகரக் கூடாது என்பது அவர் எண்ணம். ஆனால் அதைத் தாளில் எழுத மாட்டார். நான் கோப்பு வைத்தபோதெல்லாம் பச்சை மையில் "பேசவும்" என்று ஒற்றைச் சொல் எழுதித் திருப்பி அனுப்பினார். என்னை நேரில் வந்து பார் என்று அதற்கு அர்த்தம். போய் நின்றால், "அப்புறம் பாக்கலாம்மா, இப்ப என்ன அவசரம்" என்பார். டிசம்பரில் ஒரு பேசவும். ஜனவரியில் ஒன்று. பிப்ரவரியில் ஒன்று. மார்ச் நடுவில் சென்னையிலிருந்து முடியாது என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு டெண்டர் விட நாள் இல்லை. பணம் திரும்பிப் போனது.

ஏப்ரலில் எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. உரிய காலத்தில் கோப்பைச் சமர்ப்பிக்காமல் அரசு நிதி வீணாகக் காரணமானேன் என்று எழுதியிருந்தது. கீழே அவருடைய பச்சைக் கையெழுத்து. நான் கோப்பைத் தேடினேன். அலமாரியில் இல்லை. அவர் மேஜையில் இருந்தது. அவர் கலெக்டர் ஆபீஸ் கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்து எடுத்து, பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடைக்கு ஓடி, அந்த மூன்று "பேசவும்" இருந்த தாள்களை நகல் எடுத்துக்கொண்டு திருப்பி வைத்தேன். நான் கொடுத்த விளக்கத்தை ஒருவரும் படிக்கவில்லை. நகலை அப்போதே காட்டியிருக்கலாம். கோப்பைத் திருடினாள் என்று இன்னொரு குற்றச்சாட்டு வரும் என்று பயந்தேன். ஓராண்டு ஊதிய உயர்வை நிறுத்தினார்கள்.

இதோடு போயிருந்தால் நானும் நாலு நாள் அழுதுவிட்டு மறந்திருப்பேன்.

மே மாதம் மான்கள் தண்ணீர் தேடிக் கொல்லைகளுக்கு இறங்கின. அந்தப் பக்கத்துக் கிணறுகள் வட்டக் கிணறுகள் அல்ல. ஒரு வீட்டையே உள்ளே இறக்கலாம் போன்ற சதுரப் பள்ளங்கள். பாதிக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. மக்காச்சோளம் போட்டிருந்த ஒரு கொல்லைக் கிணற்றில் சினைமான் ஒன்று விழுந்துவிட்டது. காவலர் கயிறு கட்டி இறங்கினார். மானைக் கட்டி மேலே அனுப்பினார். அவர் ஏறும்போது கயிறு பாறையில் உரசி அறுந்தது. இடுப்பு எலும்பு போய்விட்டது. மேலே வந்த மானும் அன்று மாலைக்குள் செத்தது.

ஒரு வாரம் கழித்து அவர் மனைவி அலுவலகத்துக்கு வந்தார். பருத்திக் காட்டு வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், முந்தானையில் பஞ்சு ஒட்டியிருந்தது. அதிகாரி தன் அறைக்கு என்னையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"யாரும்மா உன் புருசன்? எங்க ஆபீஸ்ல அப்படி யாரும் வேலை பாக்கலியே."

"என்னங்கய்யா இப்படிச் சொல்றீங்க? ஒம்போது வருசமா உங்க காட்டுலதானுங்க கெடந்தாரு. இந்தம்மாவைக் கேளுங்க, இவங்களுக்குத் தெரியும்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அன்று மதியம் அதிகாரி ஒரு கடிதம் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். மேற்படி நபர் இவ்வலுவலகத்தால் எக்காலத்தும் பணியமர்த்தப்படவில்லை. என் விரல்தான் அதை அடித்தது. ஓரத்தில் டைப் செய்தவரின் முதலெழுத்து போடுவது வழக்கம், அதையும் நானே போட்டேன். இந்த ஆளை விடக் கூடாது என்று அன்று முடிவு செய்தேன். எனக்கு மட்டும் செய்தது என்றால் ஒருவேளை ஆறியிருக்கும். என் கையாலேயே அவர் அதைச் செய்யவைத்தார், அதுதான் ஆறவில்லை.

தொல்லை வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, என்னை அரியலூருக்குத் தூக்கி அடித்தார். இரண்டு மாவட்டத்துச் செலவுகளையும் சரிபார்க்கும் பிரிவு அது. ஜன்னலைத் திறந்தால் சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதி மேஜையில் படியும். அதிகாரிகளின் பயண நாட்குறிப்புகள் எல்லாம் கடைசியில் அந்த அலுவலகத்தின் பழைய பதிவறைக்குத்தான் வந்து சேரும் என்பது அவருக்குத் தெரியவில்லை.

நான் தேடினேன். ஆறு வருஷம், மதியச் சாப்பாடு முடிந்து மற்றவர்கள் கண் அசரும் நேரத்தில், கட்டுக்கட்டாகப் பிரித்துத் தேடினேன். ஒருநாள் கிடைத்தது. அவர் கையெழுத்தில், பயணப்படி வாங்குவதற்காக அவரே எழுதியது: காவலருடன் காட்டினுள் சென்று தொட்டியைப் பார்வையிட்டேன், தினமும் தண்ணீர் நிரப்புமாறு அவருக்கு உத்தரவிட்டேன். காவலரின் பெயர் தெளிவாக இருந்தது. தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு தூசிக்குள் உட்கார்ந்து சிரித்தேன். இப்படி ஒரு சிரிப்பு எனக்குள் இருப்பது அதுவரை எனக்கே தெரியாது.

அவசரப்படவில்லை. அதற்குள் அவர் பதவி உயர்வு வாங்கி, வெளி மாவட்டம் சுற்றி, ஓய்வு பெறுவதற்காகப் பெரம்பலூருக்கே திரும்பி வந்திருந்தார். ஓய்வு பெறுகிறவர் மீது நிலுவை எதுவும் இல்லை என்று எங்கள் பிரிவு சான்று தர வேண்டும். அந்தக் கோப்பு ஒரு திங்கட்கிழமை என் மேஜைக்கு வந்தது. இரண்டு நாள் அதைத் திறக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். புதன்கிழமை, நிலுவை உள்ளது என்று குறிப்பெழுதி, "பேசவும்" தாள்கள், பயண நாட்குறிப்பு என எல்லா நகல்களையும் இணைத்து மேலே அனுப்பினேன்.

அடுத்த வாரமே அரியலூருக்கு வந்துவிட்டார். தலை முழுக்க நரைத்திருந்தது. என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா, எப்பவோ முடிஞ்ச கதை. இப்பப் போயி ஏன் கிளறுற?"

"மூணு தடவ பேசவும்னு எழுதுனீங்க சார். இப்பத்தான் பேச நேரம் வந்துருக்கு. பேசுங்க."

அவர் முகம் மாறியது. குனிந்து, குரலை இறக்கினார். "அந்த லெட்டரை அடிச்சது யாரு? ஓரத்துல யாரு இனிஷியல் இருக்குன்னு பாத்தியா? நான் மாட்டுனா நீயும் சேந்துதான் மாட்டுவ."

"தெரியும் சார். பொய்ன்னு தெரிஞ்சேதான் அடிச்சேன்னு அதையும் எழுதிட்டேன். கடைசிப் பாரா. படிக்கலியா நீங்க?"

படிக்கவில்லை என்பது தெரிந்தது. பிறகு, "எனக்கு ஒரு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குதும்மா" என்றார்.

"அவருக்கும் ரெண்டு பொண்ணுங்க சார்."

அவர் எழுந்து போனார். நான் டீ வாங்கி வரச் சொல்லிக் குடித்தேன்.

அவருக்குப் பிரிவுபசார விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. எனக்கும் அழைப்பு வந்தது, சால்வைக்கு என் பங்கையும் கொடுத்திருந்தேன். அரியலூரிலிருந்து பஸ் ஏறிப் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். அவரைப் புகழ்ந்து நாலு பேர் பேசினார்கள். ஐந்தாவது ஆள் மைக்கைப் பிடித்தபோது அலுவலகத் தபேதார் மேடையேறி அவரிடம் ஓர் உறையைக் கொடுத்தார். விசாரணை முடியும்வரை ஓய்வு பெற அனுமதியில்லை என்ற ஆணை. அவர் படித்தார். மாலை கழுத்திலேயே இருந்தது. அதைக் கழற்ற வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. கண் என்னைத் தேடிக் கண்டுபிடித்தது. நான் திரும்பிக்கொள்ளவில்லை. பந்தியில் உட்கார்ந்து, இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவ்வளவு ருசியான சாப்பாட்டை நான் அதற்கு முன்னும் பின்னும் சாப்பிட்டதில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மண்டபத்திலிருந்து நேராகக் காவலர் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் முதல் முறை. கம்பு ஊன்றி எழுந்து நிற்க முயன்றார், உட்காரச் சொன்னேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். நான் அடித்த கடிதத்தையும் சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன்.

"அவரு பென்சன் நின்னா என் இடுப்பு நிமிந்துருமா மேடம்?" என்றார்.

அவர் மனைவி உள்ளேயே இருந்தார், தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. கிளம்பும்போது காவலரே மெதுவாகக் கேட்டார்: "நான் அங்க வேலை பாத்தேன்னு ஒரு பேப்பரு வருமா?"

"வாங்கித் தரேண்ணே."

விசாரணை ஒன்றரை வருஷம் இழுத்தது. ஆட்டோ பிடித்துக் காவலரைக் கூட்டிப்போனேன். அவர் கோபமே இல்லாமல், எந்தத் தொட்டியில் எத்தனை கேன் ஊற்றினார் என்று இடம் இடமாகச் சொன்னார். விசாரணை அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அதிகாரியின் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை வெட்டினார்கள். நான் எதிர்பார்த்தது அதைவிடப் பெரியது. பொய்க் கடிதத்துக்காக எனக்குக் கண்டனம், வரவேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போனது. அது நியாயம்தான், மேல்முறையீடு செய்யவில்லை.

ஆனால் அறிக்கையில் காவலரைப் பற்றி ஒரு வரி இருந்தது: பணியில் இருந்தபோது காயமடைந்தார். அந்தப் பக்கத்தின் நகலைக் காவலரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். மனைவியையும் கூப்பிட்டு உட்காரவைத்து மூன்றாவது தடவை படிக்கச் சொன்னார். அதை வைத்து இழப்பீட்டுக்கு மனுப் போட்டிருக்கிறோம். இன்னும் வரவில்லை. நான் விடுகிறதாக இல்லை. அந்த அம்மாவும் இப்போது என்னோடு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிறார். அன்று பேசாமல் நின்றதை மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

போன மாதம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அதிகாரியைப் பார்த்தேன். துறையூர் பஸ்ஸுக்காகக் கையில் மருந்துப் பையுடன் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேசாமல் போயிருக்கலாம். நான் சுற்றிப் போய் அவர் எதிரில் நின்றேன்.

"வணக்கம் சார். நல்லா இருக்கீங்களா?"

"ம்" என்றார்.

"அவரு நல்லால்ல சார். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

பஸ் வந்தது. முண்டியடித்து ஏறினார். ஜன்னலோர இடம்தான் கிடைத்தது. கண்ணை மூடிக்கொண்டார். வண்டி கிளம்ப இன்னும் கால் மணி நேரம் இருந்தது. எனக்கு அரியலூருக்கு இரண்டு பஸ் போய்விட்டது. நான் அந்த ஜன்னலுக்கு நேரே நின்றுகொண்டிருந்தேன்.